கம்பல்ஷன் என்று எழுதிய சீட்டு

என் கணவருக்கு வேலையே தட்டிப் பார்ப்பதுதான். விருத்தாசலத்தில் அப்போது சின்னதும் பெரியதுமாகப் பீங்கான் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டிருந்தன. அவர் இருந்தது சின்னதில் ஒன்று. சூளை ஆறியதும் கோப்பை, ஊறுகாய் ஜாடி, கரண்ட் கம்பத்தில் மாட்டும் வெள்ளைப் பீங்கான் எல்லாம் அவர் முன்னால் வந்து சேரும். கையில் ஒரு சாண் நீளக் குச்சி. ஒவ்வொன்றையும் தூக்கி ஒரு தட்டு. நல்லதாக இருந்தால் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக்கென்று அடங்கிவிடும். அடங்கியதை ஒதுக்கி வைப்பார். கல்யாணமான புதிதில் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து என்னைத் தட்டச் சொன்னார். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. "உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்" என்றார், பெருமையாக.

அவர் தட்டி அனுப்பிய சாமான் திரும்பி வந்ததே இல்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஜாக்கிரதையான மனுஷன் என்று தெருவிலும் பெயர். அந்தப் பெயரால்தான் விஷயம் எனக்குப் பிடிபடவே இரண்டு வருடம் ஆனது.

நான் மங்கலம்பேட்டையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஒன்றாகக் கிளம்புவோம். கதவைப் பூட்டுவது அவர். நாலு வீடு தாண்டியதும் நிற்பார். "பூட்டனேனா?" என்பார். "பூட்டனீங்க" என்பேன். முதலில் அவ்வளவுதான். பிறகு திரும்பிப் போய் ஒரு முறை இழுத்துப் பார்த்து வந்தார். அதற்குப் பிறகு மூன்று முறை. எழுபதுகள் பிறந்த சமயத்தில், தெருமுனைக்கும் வாசலுக்குமாக அவர் நடக்கிற நடையில் பாதி நாள் என் பஸ் போய்விடும்.

நான் கண்டுபிடித்த வழி, அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. "பூட்டனீங்க, நான் பாத்தன்." அதை மூன்று தடவை, ஒரே மாதிரிக் குரலில் சொல்ல வேண்டும். நடுவில் எரிச்சல் கலந்துவிட்டால் கணக்கில் சேராது. மறுபடி முதலிலிருந்து. நான் சொல்லப் பழகிக்கொண்டேன். புருஷனுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மகளுக்கு நாலு வயது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் டம்ளரைத் தூக்கி விரலால் தட்டினாள். காதருகே கொண்டுபோனாள். மறுபடி தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "பூட்டியாச்சாம்மா?" என்றாள். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சாப்பிடவும் இல்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பள்ளி அரை நாள்தான். வீட்டுக்கு வந்து சேலை மாற்றுவதற்குள், கம்பெனியில் பெட்டி கட்டும் அம்மாள் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் வாங்க. உங்க வூட்டுக்காரரு லாரிய வுட மாட்டேங்கறாரு."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். மெட்ராஸ் போக வேண்டிய லாரி கேட் பக்கம் நின்றிருந்தது. ஆணி அடித்து ஏற்றிய மரப்பெட்டிகளில் ஏழெட்டை அவர் கீழே இறக்கிப் பிரித்துப் போட்டிருந்தார். வைக்கோல் முற்றம் முழுக்கப் பறந்தது. நடுவில் உட்கார்ந்து ஜாடிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆணி கிழித்து வலது கையில் ரத்தம். வேலையாட்கள் சுற்றி நின்றிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

முதலாளி என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்கட்டும்மா. டாக்டர்கிட்ட காட்டி ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க. அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றார். அதற்கப்புறம் என்ன பேசுவார் என்பது எனக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில் என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டுக்குக் கிட்டத்தில் வந்ததும் சொன்னார்: "ஒரு ஜாடிய நான் சரியா தட்டலயோன்னு தோணுச்சி. எதுன்னு தெரியல."

"தட்டியிருப்பீங்க."

"தட்டனேன்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சும் கை போவுது."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. தெரியாமல் செய்கிற ஒருவருக்கு எடுத்துச் சொல்லலாம். இவருக்கு நான் எதைச் சொல்வது.

திங்கட்கிழமை புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டைப் பூட்டியது நான். அவரைத் தெருமுனையில் நிற்கவைத்துவிட்டுப் பூட்டினேன். பஸ்ஸில் நெய்வேலி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மனநல டாக்டர் வடநாட்டுக்காரர். இங்கிலீஷில் பேசினார். எனக்குப் படித்தால் ஓரளவு புரியும். பேச்சு அவ்வளவு ஓடாது. ஒரு நர்ஸ் நடுவில் நின்று தமிழில் சொன்னாள். என் கணவரிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது பைத்தியம் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், அவர் கேட்கும்போது நான் என்ன செய்வேன் என்று. சொன்னேன். மூன்று தடவை சொல்வதையும் சொன்னேன், கொஞ்சம் நல்ல பெயர் எதிர்பார்த்து.

டாக்டர் தலையை ஆட்டினார். நர்ஸ் சொன்னாள்: "இனிமே ஒரு தடவதான் சொல்லணுமாம். ரெண்டாந்தடவ கேட்டா வாயத் தொறக்கக் கூடாதாம். கெஞ்சுவாரு, அழுவாரு, திட்டுவாரு. அந்தத் தவிப்பு ஏறும். ஏறி, தானா எறங்கும். எறங்கறத அவரு கண்ணால பாக்கணும். நீங்க பதில் சொல்லிச் சொல்லி அவர எறங்க வுடாமலே வெச்சிருக்கீங்களாம்."

லீவுக்காக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில் இரண்டு வரி. அதில் கம்பல்ஷன் என்ற ஒரு சொல்தான் தெளிவாகப் படிக்க முடிந்தது. எனக்கு அது முழுக்கத் தெரியாத வார்த்தையும் இல்லை. விருந்தில் இன்னொரு கரண்டி சோறு போட வரும்போது, "கம்பல் பண்ணாதீங்க" என்று நாமே சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் கம்பல்சரி என்றால் தப்பிக்க முடியாத பாடம். இந்த மனுஷனை யார் கம்பல் பண்ணுகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். கவலை அதிகமாக இருந்ததால் அந்த யோசனை நிலைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னபடி நடக்கத் தொடங்கினேன். அது எவ்வளவு கொடுமை என்று சொன்னால் விளங்காது. "பூட்டனேனா?" என்பார். "பூட்டனீங்க" என்பேன். மறுபடி கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பின்னாலேயே வருவார். "ஒரே ஒரு தடவ சொல்லிடு. உன் கால்ல வுழறேன்" என்பார். அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்வேன். சொன்னால் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருப்பதற்கு எனக்கு உடம்பெல்லாம் வலித்தது.

என் மூத்தார், அதாவது கணவருக்கு அண்ணன், வேப்பூர்ப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்துகொண்டிருந்தார். லாரி விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவர் உள்ளே நுழைந்த நேரம், தம்பி சமையலறை வாசலில் நின்று அழுகிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைகிறேன்.

"என்னாம்மா இது? அவன் கேக்கறான், நீ பாட்டுக்கு நிக்கற?"

"டாக்டர் அப்படிதான் இருக்கச் சொன்னாருங்க, மாமா."

"எந்த டாக்டரு பொண்டாட்டிய பேசாதன்னு சொல்லுவான்?"

எடுத்துச் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. தம்பியை உட்காரவைத்துத் தோளில் கை போட்டு, "பூட்டனடா, பூட்டன. நான் சொல்றன்" என்றார். என் கணவர் குழந்தை மாதிரி அவரை நிமிர்ந்து பார்த்தார். மூச்சு சீரானது. கால் மணி நேரத்தில் மறுபடி கேட்டார். மூத்தார் மறுபடி சொன்னார். நாலு நாளாக நான் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவரை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை.

லீவுச் சீட்டை நான் இன்னும் கம்பெனியில் கொடுக்கவில்லை. சனிக்கிழமை எனக்குப் பள்ளி இருந்ததால் மூத்தார், "குடு, நான் போய் குடுத்துட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்டார். அவர் நேராகக் கம்பெனிக்குப் போகவில்லை. முன்பு ஒரு வரப்புத் தகராறில் அவருக்கு மனு எழுதிக் கொடுத்த குமாஸ்தா கோர்ட்டுப் பக்கம் இருந்தார். அவரிடம் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சீட்டை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தார்.

"இதுல என்னா எழுதியிருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"லீவுக்கு எழுதியிருக்காருங்க."

"கம்பல்ஷன்னு எழுதியிருக்குது. குமாஸ்தா படிச்சிச் சொன்னாரு. ஒருத்தர இன்னொருத்தர் மெரட்டி, கட்டாயப்படுத்தி ஒரு காரியத்த செய்ய வெக்கறதுக்குத்தான் அந்தப் பேராம். பத்திரம் எழுதறப்ப கேப்பாங்களாம், எந்தக் கம்பல்ஷனும் இல்லாம கையெழுத்துப் போடறியான்னு." சீட்டின் மேல் விரலை வைத்தார். "என் தம்பிக்கு யாரோ கட்டாயம் குடுக்கறாங்கன்னு டாக்டரே கண்டுபுடிச்சி எழுதியிருக்கான். இந்த வூட்ல அவனத் தவிர யாரு இருக்கறாங்க? நீயும் கொழந்தையும்."

டீச்சர் டிரெயினிங்கில் வாங்கிய இங்கிலீஷ் தமிழ் அகராதி டிரங்குப் பெட்டியில் இருந்தது. போய் எடுத்து வந்தேன். அவர் நினைப்பதை அது பொய்யாக்கிவிடும் என்று நம்பிக்கொண்டுதான் அவர் எதிரிலேயே பிரித்தேன். கட்டாயம். வலுக்கட்டாயம். நிர்பந்தம். வேறு எதுவும் போட்டிருக்கவில்லை.

"படி" என்றார்.

படித்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அகராதியில் தமிழில் இருப்பதை அவரே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்.

"ஆச்சா? நாளைக்குக் காலைல இவன நான் ஊருக்கு இட்டுக்கினு போறன். கொழந்தைய வேணும்னா நீ வெச்சிக்க. இவன் கொஞ்ச நாளு நம்ப வூட்ல இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. அங்கே போனால் கேட்கக் கேட்க ஆறேழு பேர் பதில் சொல்வார்கள். மாத்திரை நின்றுபோகும். கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதெல்லாம் என் தலைக்குள் ஓடியது. என் கையில் இருந்த புத்தகமே என்னைக் குற்றவாளியாக்கிவிட்டதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்தார்.

"ண்ணா, அவ ஒண்ணும் பண்ணல."

"நீ பயந்துகினு சொல்ற."

"பயம்தான். அவ மேல இல்ல." பூட்டையும் சாவியையும் எடுத்தார். "எல்லாரும் வெளிய வாங்க. கொழந்தையும் வரட்டும்."

எதற்கு என்று தெரியாமலே வெளியே வந்தோம். அவர் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை அண்ணன் முன்னால் நீட்டினார்.

"மணிக்கட்ட புடிச்சிக்க. கெட்டியா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்போம். நான் என்னா சொன்னாலும் வுடாத. யாரு என்ன இழுக்கறாங்கன்னு நீயே பாத்துக்க."

நாலு வீடு தாண்டும்வரை ஒன்றும் இல்லை. பிறகு அவர் நடை தளர்ந்தது. "பூட்டனேனா?" என்றார். நான் ஒரு தடவை சொன்னேன். மூத்தார் வாய் திறக்கப் போனார். "வேணாங்க மாமா" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிறுத்திக்கொண்டார்.

தெருமுனை திரும்பும்போது என் கணவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை பின்பக்கமாகப் போகப் பார்த்தது. மூத்தார் இழுத்துப் பிடித்தார். ஏர் பிடித்த கை. ஆனாலும் அந்த இழுப்பில் மூத்தார் தோள் ஆடியதைப் பார்த்தேன். என் மடியில் சாவி இருந்தது. மகள் என் இடுப்பில் இருந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ சொன்னோம். யாரும் குடிக்கவில்லை. எதிரில் கடலூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். உதடு மட்டும் அசைந்தது. "வுடுண்ணா. பாத்துட்டு ஓடி வந்துடறன். ஒரே ஒரு தடவ." குரல் அவருடையதாகவே இல்லை. டீக்கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

மூத்தார் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. தம்பியின் மணிக்கட்டில் துடிப்பது அவர் விரலில் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "போய் பாத்துட்டு வந்துடலாமாம்மா? பாவம், செத்துடுவான் போலிருக்குது."

நான் அந்த இடத்தில் ஆம் என்று சொல்லியிருந்தால் அவர் கண்ணுக்கு நான் நல்லவளாகத் தெரிந்திருப்பேன். டாக்டர் இறங்கும் என்று சொன்னார். இறங்காவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

"வேணாங்க. கொஞ்சம் புடிச்சிருங்க" என்றேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடலூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்தது வந்து நின்றது. டீயில் ஆடை படிந்துவிட்டது. முதலில் அவர் கால் ஆடுவது நின்றது. பிறகு தோள் தாழ்ந்தது. கண்ணைத் திறந்து பஸ்ஸின் பலகையைப் படிப்பதைப் போல் எதிரே பார்த்தார். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"எறங்கிடுச்சி" என்றார்.

"என்னாடா?"

"இப்ப போவணும்னு இல்ல. பூட்டனேனா இல்லயான்னு இப்பவும் தெரியல. ஆனா போவணும்னு இல்ல."

மூத்தார் கையை எடுத்தார். தம்பியின் மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் இழுத்தத வுட நீ இழுத்ததுதான் ஜாஸ்தி" என்றார். பிறகு ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

என்னிடம் அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மூத்தார்கள் அப்படிக் கேட்பதும் இல்லை. "அந்தக் குமாஸ்தாவுக்கு கோர்ட்டு இங்கிலீஷ்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே வேப்பூர் பஸ் ஏறிவிட்டார், தனியாக. சீட்டை நானே மறுநாள் காலை கம்பெனியில் கொடுத்தேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு அர்த்தம் எதுவும் கேட்கவில்லை. மடித்து மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்தாரும் கூட வந்தார். அவரே நர்ஸிடம் கேட்டார், யாருமே கட்டாயப்படுத்தாத ஒருத்தனுக்கு ஏன் அப்படி எழுதினீர்கள் என்று. டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். வெளியே இருந்து நெருக்கினாலும் அவர்கள் பாஷையில் அந்தச் சொல்தானாம். உள்ளே இருந்து நெருக்கினாலும் அதே சொல்தானாம். ஆள் யார் என்று அந்தச் சொல் சொல்லாதாம். "நீங்க தமிழ்ல என்னன்னு சொல்லுவீங்க?" என்று நர்ஸ் எங்களையே திருப்பிக் கேட்டாள். உந்துதல் என்று சொல்லிப் பார்த்தேன். அது ஏதோ நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது. இழுப்பு என்றார் மூத்தார். அது மூச்சிரைப்புக்குச் சொல்வது. கடைசியில் என் கணவர், "கை போவுதுன்னே எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டாரா என்று கவனிக்கவில்லை.

என் கணவரின் வேலை போகவில்லை. ஆனால் தட்டிப் பார்க்கிற வேலையைத் திரும்பத் தரவில்லை. முதலாளி அவரைக் களிமண் அரைக்கிற பக்கம் மாற்றினார். அங்கே சந்தேகப்படுவதற்கு ஒன்றும் இல்லை. உருளை சுற்றும், மண் குழம்பாக வெளியே வரும். சாமான் தட்டுகிற வேலை, என்னைக் கூப்பிட வந்த அந்தப் பெட்டி கட்டும் அம்மாளுக்குப் போனது. முதல் ஒரு வருடம் அந்தச் சத்தம் கேட்கும் நேரமெல்லாம் அவர் உருளைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம், காதில் விழாமல் இருக்க.

முழுக்கக் குணமானது என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு அம்மை போட்டபோது திரும்ப வந்தது. அவள் வயசுக்கு வந்த வருடம் ஒரு தடவை, கடுமையாக. அப்போதெல்லாம் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், முன்பு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அது இறங்கும்வரை இருவரும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். சில நாள் சீக்கிரம் இறங்கும். சில நாள் சோறு ஆறிப்போகும்.